தேய்ந்த பெயின்ட்டுக்கு வந்த மவுசு

புத்தம் புதிய எலக்ட்ரிக் கிடாரைத் தொழிற்சாலையிலேயே கீறி, விளிம்புகளில் பெயின்ட்டை உரித்து, முன்கை படும் இடத்தில் மரம் தெரியும்வரை தேய்த்து விற்கிறார்கள். தேய்த்த கூலியும் விலையில் சேர்ந்துவிடும். ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப் 1995-ல் ‘ரெலிக்’ என்று பெயரிட்டு இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது அந்த ஆசை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கும் ஏறிவிட்டது. அக்கா மகன் தன் கிடாரின் பளபளப்பை உப்புத்தாளால் எடுத்துக்கொண்டிருக்கிறான். “ரொம்பப் புதுசா இருக்கு மாமா. வாசிக்கிறவன் கிடார் மாதிரியே இல்ல” என்கிறான்.

எண்பதுகளில் நானும் இதே போல உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். பழையதைப் புதுசாகக் காட்டுவதற்காக.

அன்று சென்னை மெல்லிசைக் குழுக்களில் வெளிநாட்டு கிடார் வைத்திருப்பவர் மேடையேறினால், அவர் வாசிப்பதற்கு முன்பே கூட்டம் கிடாரைப் பார்க்கும். எனக்கு வாய்த்தது, தெரிந்த ஆசாரி ஒருவர் மஹாகனிப் பலகையில் அறுத்துக் கொடுத்த பாடி. வேறொருவர் அதில் எனாமல் பூசி, அது செதில் செதிலாக உரிந்திருந்த நிலையில் என்னிடம் வந்தது. புதுப்பேட்டைப் பட்டறையில் கார்களுக்கு பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டூக்கோ அடிச்சிடலாம் தம்பி” என்றார்.

டூக்கோ என்பது டூபாண்ட் கம்பெனி 1923-ல் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணம் பூசி உலர வைக்க வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் கிடார் செய்யத் தொடங்கியபோது கையில் எடுத்ததும் இந்தக் கார் பெயின்ட்டைத்தான். இன்று கிடார்க்காரர்கள் உருகிப் பேசும் ‘ஃபியெஸ்டா ரெட்’, 1956-ம் ஆண்டு ஃபோர்ட் தண்டர்பேர்டு காரின் சிவப்பு. இப்படிப்பட்ட தனி வண்ணங்களுக்கு அன்றைய ஃபெண்டர் 5 சதவீதம் கூடுதலாக வாங்கியது. ஆக, புதுப்பேட்டை அண்ணன் என் கிடாருக்குச் செய்யலாம் என்று சொன்னது அதன் பூர்வீக வேலை. அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவர் முதலில் என்னை வேலை வாங்கினார். இரும்புச் சாமான், ஒயர், பிக்கப் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பழைய எனாமலைச் சுரண்டி, 120-ல் தொடங்கி 320 நம்பர் தாள் வரை, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கச் சொன்னார். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் கண்டுபிடித்துவிடுவார். “பெயின்ட் குறையை மறைக்கும்னு நினைக்காத தம்பி. காட்டிக் கொடுத்துடும்.” மஹாகனியில் துளைகள் திறந்திருக்கும். அடைக்காமல் அடித்தால் லாக்கர் உள்ளே இறங்கி, மேல்பரப்பு குழிகுழியாக நிற்கும். சாக்பொடியில் காவி கலந்து பசையாக்கி, சாக்குத் துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்தார். காய்ந்ததும் மிச்சத்தை எடுத்துவிட்டு சீலர் பூசினார்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நான் அவசரப்பட்டேன், அவர் அசையவில்லை. “ஈரக்காத்துல அடிச்சா வெள்ளையாப் பூத்துடும். தையில பாத்துக்கலாம்.” தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. இந்த விஞ்ஞானத்தை நான் பிறகு படித்தேன். அவருக்கு அது மாதப் பெயராகத் தெரிந்திருந்தது.

தை மாதத்து வெயிலில் மொட்டைமாடியில், கழுத்து பொருத்தும் இடத்தில் ஒரு கட்டையைத் திருகி, அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பி மெல்லிய பூச்சுகளாக அடித்தார். லாக்கரின் தனிக்குணமே அடுத்த பூச்சு முந்தைய பூச்சைச் சற்றுக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதுதான். பிறகு பல வாரம் தொங்கவிட்டோம். “மூக்கை வச்சுப் பாரு. தின்னர் வாசனை வந்தா இன்னும் காயல.” வாசனை போன பிறகுதான் 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர், அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட். ஸ்க்ரூ துளைகளில் தண்ணீர் இறங்காமல் மெழுகு வைத்து அடைத்தார். இறங்கினால் மரம் உப்பி, லாக்கர் விரிசல் விடும். முடிந்தபோது என் முகம் அதில் தெரிந்தது. அந்த மனிதரின் பொறுமைக்கு இன்றும் மனதால் கும்பிடு போடுகிறேன்.

லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகும், குளிரில் விரிசல் விடும், பெல்ட் பக்கிள் பட்டால் உதிரும். அதனால்தான் 1960-களின் கடைசியில் ஃபெண்டர் தடித்த பாலியஸ்டர் பூச்சுக்கு மாறியது. உதிராத பூச்சை முன்னேற்றம் என்று சொல்லி விற்றார்கள். இன்று அதே உலகம் உதிர்கிற பூச்சைத் தேடி அதிக விலை கொடுக்கிறது. லாக்கர் பூசினால் மரம் ‘மூச்சு விடும்’, நாதம் கூடும் என்றும் சொல்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. திடப் பலகை கிடாரில் பிக்கப் உணர்வது இரும்புத் தந்தியின் அதிர்வை. பூச்சு மெலிந்தால் கைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

உண்மையான தேய்மானத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அயர்லாந்தின் ரோரி கேலகர் வாசித்த 1961-ம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயின்ட்டைவிட வெறும் மரமே அதிகம். வியர்வையும் மேடையும் பல பத்தாண்டுகள் சேர்ந்து செய்த வேலை அது. பிரையன் மே கதை வேறு. 1963-ல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே ‘ரெட் ஸ்பெஷல்’ கிடாரைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மஹாகனியில் கழுத்தைச் செதுக்கி, வீட்டு மரச்சாமான்களுக்குப் பூசும் ரஸ்டின்ஸ் பிளாஸ்டிக் கோட்டிங்கைப் பூசினார்கள். குவீன் குழுவின் பாட்டுகளில் உலகமே கேட்டது அந்தக் கிடாரைத்தான். இந்த இருவரும் தங்கள் கிடாரை வாசித்தே பழையதாக்கினார்கள்.

அக்கா மகனிடம் நான் சொன்னதும் இதுதான்: தேய்க்காதே, வாசி. கேட்கிறானா என்பது அவன் விருப்பம்.

வீட்டில் பூச நினைக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப்பேட்டை அண்ணன் மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடித்தார். துண்டு தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வாங்குங்கள். அடுப்போ ஊதுபத்தியோ இல்லாத திறந்த வெளியில் அடியுங்கள். ஹார்ட்னர் கலக்கும் பாலியூரித்தேன் ஸ்ப்ரேயில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு; அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள். லாக்கருக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.