குப்பை நம்முடையது, பேர் அவருக்கா?

கேள்வி: தெருக் கூட்டுபவருக்கு மாநகராட்சி சம்பளம் கொடுக்கிறது. நானும் வரி கட்டுகிறேன். தனியாக நன்றி வேறு எதற்கு?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

பதில்: உங்கள் தறியிலேயே உட்கார்ந்து பேசுவோம். கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. நீங்கள் குழியில் கால் வைத்து மிதிக்க, பக்கத்தில் இன்னொருவர் கரை நாடாவை வாங்கித் திருப்பி எறிந்துகொண்டே இருப்பார். பெரும்பாலும் வீட்டு ஆள்தான்: மனைவி, மகள், தம்பி. கரையும் உடலும் விடாமல் பிடித்துக்கொள்வதில் அந்தக் கைக்குப் பாதிப் பங்கு. முகூர்த்தத்தன்று அந்தப் புடவையைப் பார்த்து எல்லாரும் "எந்தக் கடை?" என்பார்கள். "யார் நெய்தது?" என்று கேட்பவர் அபூர்வம். பக்கத்துக் கையை விசாரிக்க ஆளே கிடையாது. விலைதான் கொடுத்தாயிற்றே என்று உங்களிடம் சொன்னால் மனசு ஆறுமா? விடியற்காலையில் உங்கள் வாசலில் துடைப்பத்தோடு நிற்பவருக்கும் ஆறாது.

கேள்வி: "குப்பைக்காரம்மா வந்தாச்சு" என்றுதான் எங்கள் வீட்டில் குரல் கொடுப்போம். தப்பா?
– வாசகி, சின்ன காஞ்சிபுரம்

பதில்: நேற்று நறுக்கிய வாழைக்காய்த் தோல் யாருடையது? உங்களுடையது. பால் கவர்? அதுவும் உங்களுடையது. பேர் மட்டும் எப்படி அவருக்குப் போயிற்று?

பேர் வைப்பதில் உங்கள் பேட்டை கெட்டிக்காரப் பேட்டை. வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளைத் தோளில் சுமந்து வருகிறவர்களை நீங்கள் "தூக்குகிற ஆள்" என்பதில்லை, ஸ்ரீபாதந்தாங்கிகள் என்கிறீர்கள். சுமக்கிற தோளுக்கு அவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் இது. 2020-ல் அரசும் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. அரசாணை வரைக்கும் வந்த மாற்றம் நம் வாசற்படி ஏறவில்லை.

2019-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள் அத்தி வரதர் வைபவம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்து போனார்கள். எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றோம் என்று இன்றைக்கும் கதை சொல்கிறோம். நாம் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலையும் அறுந்த செருப்பையும் அள்ளி, மறுநாள் காலையில் ஊரை ஊராகத் திருப்பிக் கொடுத்தவர்களில் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது அது உறுத்துகிறது.

உங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு அவர் அம்மா அப்பா ஆசையாக வைத்த பேர் ஒன்று இருக்கிறது. நாளைக்குக் கேளுங்கள்.

கேள்வி: "நன்றி" என்று சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறதே?
– கல்லூரி மாணவர், பெரிய காஞ்சிபுரம்

பதில்: இருக்கும். வீட்டுப் பேச்சில் அந்தச் சொல் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் பேருந்திலிருந்து இறங்கும்போது "வரேண்ணே" என்று நடத்துநரிடம் சொல்கிறோமே, அது என்ன? சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வந்தவரிடம் "உட்காருங்கண்ணே, தண்ணி குடிங்க" என்பது என்ன? செய்ந்நன்றி அறிதல் என்றுதான் வள்ளுவர் அதிகாரத்துக்குப் பேர். அறிந்திருப்பது முகத்தில் தெரிந்தால் போதும்.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தெருக் கூட்டுபவருக்கும் நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே கொடுங்கள். மாடத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த டம்ளரில் ஊற்றுவது தாகத்துக்குத் தண்ணீர் இல்லை, அவமானம். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: நன்றி வயிற்றை நிரப்புமா?
– வாசகர், ஓரிக்கை

பதில்: நிரப்பாது. கூலி உயர்வு கேட்டுத் தூய்மைப் பணியாளர்கள் சாலையில் உட்காரும்போது "டிராபிக் ஜாம்" என்று சலித்துக்கொண்டால், காலையில் சொன்ன வணக்கம் செல்லாது.

கேள்வி: கையோடு செய்யக்கூடியது ஏதாவது?
– வாசகி, செவிலிமேடு

பதில்: உடைந்த கண்ணாடியைத் தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுங்கள். நாப்கினையும் அப்படியே சுற்றுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் எனத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. நீங்கள் பிரிக்காததை இன்னொருவர் விரலால் பிரிக்கிறார்.

கேள்வி: எங்க தெரு அக்காவோட பேரைக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அடுத்து என்ன கேக்கணும்?
– நாலாம் வகுப்பு மாணவி

பதில்: உன் பேரைச் சொன்னியா, கண்ணு? முதல்ல அதைச் சொல்லு.