குழாயாகப் பிறந்திருக்கலாம்

அலாஸ்காவின் நியூடாக் ஊர்க்காரர்கள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: மெதுவாக அழிந்தார்கள். ஒரே இரவில் அடித்துக்கொண்டு போயிருந்தால் ஹெலிகாப்டர் பறந்திருக்கும். பெரிய மனிதர்கள் கேமரா முன்னால் கண்ணைத் துடைத்திருப்பார்கள். நிங்லிக் ஆறோ ஆண்டுக்குச் சராசரியாக 70 அடி என்று தவணை முறையில் கரையைத் தின்றது. இதைப் பேரிடராக அறிவிக்கும்படி கேட்டார்கள். 2017 ஜனவரியில் வாஷிங்டன் கைவிரித்தது. அமெரிக்கப் பேரிடர்ச் சட்டத்தின் பட்டியலில் சூறாவளி உண்டு, எரிமலை உண்டு, வறட்சிகூட உண்டு. கரை அரிப்பு இல்லை. பட்டியலைப் படிக்காமல் அரித்தது ஆற்றின் தப்பு.

அங்கே போய் ஏன் குடியிருந்தார்கள் என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு ஒரு தகவல். நியூடாக்கின் யூபிக் மக்கள் பருவத்துக்கு ஓரிடமாக வாழ்ந்தவர்கள். 1958இல் அந்தக் கரையில் பள்ளிக்கூடம் கட்டியது அரசாங்கம். பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று பெற்றவர்கள் அங்கேயே தங்கினார்கள். அந்த மண்ணுக்குச் சிமென்ட், உள்ளே உறைந்திருக்கும் பனிதான். பனி உருகினால் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதோடு நிற்காது. பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

அதே அலாஸ்காவின் கடலோரக் கிராமமான கிவலினாவின் இனுபியாட் மக்கள் நீதிமன்றத்தை நம்பினார்கள். இலையுதிர்காலப் புயல்களிலிருந்து கரையைக் காத்த கடற்பனி இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை. பூமியைச் சூடாக்கியவர்கள் ஊரை இடம் மாற்றும் செலவைக் கொடுக்கட்டும் என்று 2008இல் எக்ஸான்மொபில், செவ்ரான், கோனோகோபிலிப்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டார்கள். இது அரசியல் தீர்க்க வேண்டிய விவகாரம் என்று 2009இல் தள்ளுபடி. 2012இல் மேல்முறையீடும் தோற்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தொடவே மறுத்தது. அரசிடம் போனால் சட்டத்தில் இடமில்லை. சட்டத்திடம் போனால் அது அரசியல். நடுவில் கடல் மட்டும் ஒழுங்காக வேலை பார்த்தது.

நிலத்தை உறையவைக்க வழியே இல்லையா? பேஷாக இருக்கிறது! 1977இல் ஓடத் தொடங்கிய அலாஸ்கா எண்ணெய்க் குழாயைத் தாங்கும் தூண்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வெப்பக்குழாய்கள் உள்ளன. நிலத்தின் சூட்டை உறிஞ்சிக் காற்றில் விட்டுக் கீழே பனியைக் காப்பது அவற்றின் வேலை. 2023இல் அனுமதி பெற்ற வில்லோ எண்ணெய்த் திட்டத்திலும் நிலத்தைக் குளிர்விக்கும் ஏற்பாடு உண்டு. திட்டம் யாருடையது? கிவலினா வழக்கில் தப்பிய அதே கோனோகோபிலிப்ஸுடையது. எரித்த எண்ணெயால் நிலம் இளகுகிறது. இளகும் நிலத்தை இறுக்குவது இன்னும் எண்ணெய் எடுத்து எரிக்க. இதற்குப் பெயர் பொறியியலாம்!

1990களிலேயே இடம் மாற முடிவெடுத்த நியூடாக், புதிய இடமான மெர்டார்விக்கில் குடியேறி முடிக்க 2024 ஆயிற்று. எண்ணெய்க்குழாயை இவ்வளவு காலம் யாராவது சேற்றில் காக்க வைத்திருப்பார்களா?

மிச்சமிருக்கும் கிராமங்களுக்கு ஒரு யோசனை. மனு எழுதுவதை விடுங்கள். ஊருக்கு அடியில் எண்ணெய் கிடக்கிறது என்று ஒரு வதந்தியைக் கிளப்புங்கள். மனுஷனுக்காக உறையாத மண் மறுவாரமே கல்லாக இறுகும். என்ன, அப்புறம் உங்களைத்தான் காலிபண்ணச் சொல்வார்கள். அதற்கு மட்டும் தாமதமே இருக்காது.