செத்த லிங்க்கியல்: ஒரு முதனிலை ஆய்வு

மென்பொருள் ஃப்ரேம்வொர்க்குகளின் ஆவணங்களில் காணப்படும் லிங்க்குகள் இருவகைப்படும்: செத்தவை, சாகப்போகிறவை. நலமாயிருப்பவை என்று மூன்றாவது வகையும் உண்டு என்பாருமுளர். அவர்கள் ஆவணத்தை நேற்றுதான் எழுதி முடித்தவர்கள். அவர் கூற்றை இவ்வாய்வு கணக்கில் கொள்ளவில்லை. ஆய்வெல்லை பைத்தான், ஜாங்கோ, ஸ்பிங்க்ஸ் வட்டாரம். ரியாக்டும் ஆங்குலரும் தேவைப்படும்போது சாட்சிக்கு அழைக்கப்படும்.

இவ்வியலின் மூலநூல் 1998இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய சிறு கட்டுரை. நல்ல முகவரி மாறாது என்பது அதன் சாரம். இன்றும் அது வெளியான முகவரியிலேயே இருக்கிறது. சொன்னபடி நடந்தவர் அவர் ஒருவரே என்பது சிலர் துணிபு. உலகம் நடந்துகொண்ட விதம் வேறு. 2013இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் எட்டாமற் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கெடுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட லிங்க்குகளில் ஏறத்தாழப் பாதி, மேற்கோள் காட்டிய பக்கத்துக்குப் போவதில்லை என்று ஹார்வர்டு அறிஞர்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே கண்டார்கள். நீதியரசர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரு ஃப்ரேம்வொர்க்கின் ‘நிறுவும் முறை’ப் பக்கம் எம்மாத்திரம்?

லிங்க் மூப்பினால் சாகிறது என்பது பொதுநம்பிக்கை. தவறு. அது பெரும்பாலும் முன்னேற்றத்தினால் சாகிறது. 2016இல் ரீட் த டாக்ஸ் தன் ஆவணங்களை டாட் ஆர்க்கிலிருந்து டாட் ஐஓவுக்குக் குடிபெயர்த்தது. 2018இல் பைத்தான் தொகுப்புகளின் கிடங்கான பைபிஐ புது முகவரிக்குப் போனது. 2023இல் ரியாக்ட், டாட் டெவ் ஆனது; அதே ஆண்டு ஆங்குலரும் அங்கேயே இடம் பிடித்தது. இவர்களெல்லாம் நல்லவர்கள்: வீடு மாறும்போது எதிர்வீட்டில் புது விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். சர்வர் குறியீட்டில் அதற்குப் பெயர் 301. சொல்லாமல் போனால் 404. ‘காலி செய்தாயிற்று, இனி விசாரிக்க வேண்டாம்’ என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவது 410. அவ்வளவு பொறுப்பாக யாரும் காலி செய்வதில்லை என்பதால் 410ஐ நேரில் கண்டோர் சிலரே. நிரல் குடியிருந்த தெருவையே இடித்த சம்பவங்களும் உண்டு: 2016இல் கூகுள் கோட், அடுத்த ஆண்டு கோட்பிளெக்ஸ்.

‘அஃதேல், 200 என்று விடை வந்தால் லிங்க் உயிரோடிருக்கிறது எனலாமோ?’ எனின், எனலாகாது. இவ்வாய்வின் உயிர்நிலை இங்குதான் உள்ளது.

டொமைனைப் புதுப்பிக்க மறந்த ஒருவருடைய வலைப்பதிவை எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் டேக் எழுதக் கற்றுத்தந்த அப்பக்கம் வேறொருவர் கைக்குப் போய், இன்று ரம்மி ஆட அழைக்கிறது. சர்வர் தரும் குறியீடு 200, எல்லாம் நலம். இன்னொரு தளம் பழைய பக்கங்கள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். கேட்டது டேட்டாபேஸ் மைக்ரேஷன், கிடைப்பது ‘எங்களைப் பற்றி’. அதுவும் 200தான்.

இவற்றினும் நுட்பமானது கிட்ஹப் வரி எண். மூலநிரலில் 120ஆம் வரியைப் பாருங்கள் என்று ஆவணம் மெயின் கிளைக்குக் கைகாட்டும். எழுதிய அன்று அங்கே ஓர் அருமையான ஃபங்ஷன் இருந்தது. பிறகு யாரோ கோப்பின் தலையில் மூன்று இம்போர்ட் சேர்த்தார், இன்னொருவர் நடுவில் ஒரு கிளாஸை நீக்கினார். இன்று 120ஆம் வரியில் இருப்பது ஒரு மூடும் அடைப்புக்குறி. மஞ்சள் பூசிக் காட்டப்படும் அந்த அடைப்புக்குறியைப் புதியவர் வெகுநேரம் உற்றுப் பார்க்கிறார். அதில் தமக்கு எட்டாத தத்துவம் ஏதோ இருப்பதாக நம்புகிறார். கிட்ஹப் பக்கத்தில் ‘ஒய்’ விசையைத் தட்டினால் குறிப்பிட்ட கமிட்டோடு கட்டப்பட்ட, நகராத முகவரி கிடைக்கும். விசைப்பலகையில் ஒரே ஒரு தட்டு. அதனால்தான் போலும், யாரும் தட்டுவதில்லை.

முகவரியில் ‘#’ குறிக்குப் பின் வரும் நங்கூரத்தின் கதை இன்னும் பரிதாபம். அந்தத் துண்டை பிரௌசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. தலைப்பை யாரேனும் திருத்தினால் நங்கூரம் போய்விடும். சர்வருக்குத் தெரியாது, 404 வராது. பக்கத்தின் உச்சியில் நிறுத்தப்பட்ட வாசகர் தாமே தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் தம் கவனக்குறைவை நொந்துகொள்வார். ஆகவே 404ஐ ஏசுவோர் ஆராயாது ஏசுகின்றனர். இல்லாததை இல்லையென்று சொல்லும் ஒரே லிங்க் அதுதான்.

கருவி இல்லையா எனின், உண்டு. ஆவணம் கட்டும் ஸ்பிங்க்ஸில் ‘மேக் லிங்க்செக்’ என்று அடித்தால் ஆவணத்தின் ஒவ்வொரு வெளி லிங்க்கையும் தட்டிப் பார்க்கும். ‘ஓகே’க்கள் சரசரவென ஓடும், இடையிடையே ‘ரீடைரக்ட்’, பிறகு சிவப்பில் ‘ப்ரோக்கன்’. அந்தச் சிவப்பை நம்பிக் கோடரியைத் தூக்கக் கூடாது. மனிதருக்குத் திறக்கும் தளம் ரோபோவுக்கு 403 என்று கதவைச் சாத்தும். அடிக்கடி தட்டினால் கிட்ஹப் 429 என்று அலுத்துக்கொள்ளும். எச்டிடிபி குறியீடுகள் 599ஓடு முடிந்துவிட, லிங்க்டுஇன் 999 என்று விடை சொல்லும். இலக்கணத்துக்கு இவ்வளவு வெளியே நின்று மறுத்தவர் வேறிலர். நங்கூரங்களையும் இக்கருவி தேடும். ஆனால் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் கட்டுகிறதென்றால், இருப்பதையே இல்லை என்று கூவும். அலுத்துப்போனவர்கள் அந்தச் சோதனையை அணைத்துவைக்கிறார்கள்.

இனி இவ்வாய்வின் கருதுகோள். செத்த லிங்க் குறையன்று, அது நுழைவாயில். திறமூலத் திட்டத்துக்குள் முதன்முதலாக வருபவர் ஓஆர்எம்மைத் திருத்த மாட்டார். ஒரு லிங்க்கைத் திருத்துவார். ஒரு வரி நீக்கம், ஒரு வரி சேர்ப்பு. இத்தகைய சில்லறைத் திருத்தத்துக்கு ஜாங்கோ டிக்கெட் கூடக் கேட்பதில்லை. இருந்தும் விவாதம் எழும்: புது முகவரி போடுவதா, வேபேக் மெஷின் நகலைக் காட்டுவதா, அந்த வாக்கியத்தையே தூக்கிவிடுவதா? மூத்தவர் இருவர் முரண்படுவர். மூன்றாமவர் கமிட் செய்தியின் முற்றுப்புள்ளியைச் சுட்டிக்காட்டுவார். அதைத் தாங்கியவர் திட்டத்தில் நிலைப்பார். எல்லா லிங்க்கையும் சரிசெய்துவிட்டால் புதியவர்கள் எந்த வழியாக வருவார்கள்? பராமரிப்பாளர்கள் சிலவற்றை வேண்டுமென்றே சாகவிடுகிறார்கள் என்று ஐயுறுகிறேன். ஆதாரம் இல்லை, ஆதாரமின்மை இவ்வாய்வை இதுவரை எங்கும் தடுத்ததுமில்லை.

மேலாய்வுக்கு ஒன்று எஞ்சுகிறது: விலக்குப் பட்டியல். பயிற்சிப் பாடங்களில் வரும், சொந்தக் கணினியையே சுட்டும் 127.0.0.1:8000 என்ற முகவரியை லிங்க்செக் உண்மையென நம்பிப் போய்த் தட்டும். அந்த நேரத்தில் அங்கே சர்வர் எதுவும் ஓடாது, உடனே ‘ப்ரோக்கன்’. இத்தகையவற்றைத் தொடாதே என்று ஸ்பிங்க்ஸின் கான்ஃப் டாட் பை கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். நாளடைவில் 403காரர்களும் 999காரரும் அதில் சேர்ந்துகொள்வார்கள். ஏன் விலக்கினோம் என்பதற்குப் பொறுப்பான ஒருவர் பக்கத்திலேயே குறிப்பு எழுதி, பழைய இஷ்யூ ஒன்றுக்கு லிங்க்கும் கொடுத்திருப்பார். கான்ஃப் டாட் பையில் உள்ள குறிப்புகளை லிங்க்செக் படிப்பதில்லை.