எங்கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?

கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் வருவார். போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்த அன்று சாயங்காலம் வருவார். பையனைக் காலேஜில் சேர்த்து, பீஸ் கட்டி, ரசீதை பீரோவில் வைத்துப் பூட்டின பிறகு வருவார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, செத்த வீட்டுக்கு வந்தவர் குரலில் சொல்வார்: "இன்னாபா நீ, எங்கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் இருப்பவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒருவார்த்தையார். நாயன்மார் பெயர் மாதிரி இருக்கட்டுமே என்றுதான் வைத்தேன். திருவொற்றியூர்க்காரனுக்கு அந்த உரிமை உண்டு. சுந்தரர் சங்கிலியாரைக் கட்டிக்கொண்டது இந்த ஊரில்தான். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்தால் பிறகு வம்பு என்று, சிவனைக் கொஞ்ச நேரம் மகிழ மரத்தடியில் போய் இருக்கச் சொல்லி ஏற்பாடு செய்தார் சுந்தரர். அந்தச் சிவனே சங்கிலியார் பக்கத்துக்குக் கனவில் தகவல் கொடுத்துவிட்டார்: சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கு. சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. அந்த எல்லையில், கண் தெரியாமல் தடவிக்கொண்டு நின்ற மனிதரிடம், நம்மவரின் பாட்டனுக்குப் பாட்டன் எவனாவது போய், "மரத்தடிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி எங்கைல ஒரு வார்த்த..." என்று ஆரம்பிக்காமல் இருந்திருக்க மாட்டான்.

இவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. சட்டைப் பையில் இன்ச் டேப் வைத்திருப்பார், அடுத்தவர் பேப்பரை முதலில் பிரிப்பார். அதெல்லாம் பரவாயில்லை. இந்த ஒரு வாக்கியம்தான் என் ஆயுளைக் குறைக்கிறது.

2023 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தில் கலந்து வந்த எண்ணெய் எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் கறுப்பாகக் கோடு போட்டிருந்த அதே வாரம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன ஃபியட், அதாவது பிரீமியர் பத்மினி, பானெட்டின் பாதி வரைக்கும் குளித்துவிட்டு வாசலில் நின்றது. தண்ணீர் புகுந்த இன்ஜினை எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யக்கூடாது. காற்றும் பெட்ரோல் ஆவியும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாவிட்டால் வளைவது கனெக்டிங் ராடுதான். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமி, ஒரு முறை பிடித்து, 'டங்'கென்று ஒரு சத்தம்.

சத்தம் அடங்குவதற்குள் குரல் வந்துவிட்டது. "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எங்கைல ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். எதிர்த் திண்ணையிலிருந்து. நான் பேட்டரி மாட்டினது, சீட்டிலிருந்த சேற்றை வழித்தது, சாவியைப் போட்டது எல்லாவற்றையும் கையில் டீ கிளாஸோடு பார்த்துக்கொண்டு பத்து நிமிஷமாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு முறை, "பிஸ்கட் சாப்டறியா?" என்றுகூடக் கேட்டார்.

இலக்கணத்தில் மூன்று காலம் உண்டு. இவருக்கு இறந்த காலம் மட்டும்தான் வாய்த்தது.

அதனால்தான் இந்த முறை நான் முந்திக்கொண்டேன். திருச்சியில் இருக்கும் தம்பி ஃபியட்டை எடுத்துக்கொள்கிறேன் என்றான். அங்கே பழைய வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறாராம். வண்டி ஓடாது, ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். எதில் ஏற்றுவது? நேராக அவர் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, "அண்ணா, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாம்னு வந்தேன்" என்றேன்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். கையிலிருந்த ரிமோட்டை டிவி பக்கமும் என் பக்கமும் மாற்றி மாற்றி நீட்டினார். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து வயதில் முதல்முறையாக ஒருவன் முன்கூட்டியே வந்து கேட்கிறான். கடைசியில், "ரெண்டு நாள் டைம் குடு" என்றார்.

ரெண்டு நாள் என்பது பதினேழு நாள் ஆயிற்று.

முதலில் என்னை எண்ணூர் விரைவுச்சாலைக்கு அழைத்துப் போனார். அங்கே, தெரியுமே, ஹார்பருக்குள் போக டிரெய்லர்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றுகொண்டே இருக்கும். டிரைவர்கள் சக்கர நிழலில் சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப்போட்டு, கிட்டத்தட்ட குடித்தனம் நடத்துவார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் டிரெய்லர் என்றால் இதுதான். "நம்ம அக்கா பையன் வண்டிதான்பா. நாப்பது அடி. உன் வண்டி இன்னா, பதிமூணு அடி. மூணு ஃபியட்டு நிக்கும்."

கணக்கு சரி. வண்டியைப் போய்ப் பார்த்தேன். கன்டெய்னர் ஏற்றுகிற டிரெய்லருக்குத் தளமே கிடையாது. நீளவாக்கில் இரண்டு இரும்பு, குறுக்கே சில இரும்பு, மூலைக்கு மூலை கன்டெய்னரைப் பிடித்துக்கொள்ளும் பூட்டு. அவ்வளவுதான். எலும்புக்கூடு. அதுவும் தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்தில்.

"சக்கரம் எங்கணா நிக்கும்?"

"பலகை போட்டுக்கலாம்."

"மேல எப்படி ஏத்தறது?"

கொஞ்சம் யோசித்தார். "ஹார்பர்ல அம்மாம்பெரிய கிரேன் கீதுல்ல?"

அடுத்தது, கார் கேரியர். இரண்டு மாடி வைத்து, புதுக் கார்களை முன்னும் பின்னுமாக அடுக்கி எடுத்துவரும் நீள லாரி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்யும் கார்கள் கப்பலேற இப்படித்தான் வடசென்னைக்கு வருகின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. 2014இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. அங்கே இறக்கிய கார்கள் தாங்களே ஓடிக் கப்பலுக்குள் ஏறிக்கொள்ளும். கிரேன் கிடையாது என்பதை அவருக்கு நான் சொல்ல நேர்ந்தது. "காலியாத்தான திரும்புது, நம்ம வண்டிய ஏத்திக்க மாட்டானா?" என்றார். அது ஒரகடத்துக்குத் திரும்புகிறது, திருச்சிக்கு இல்லை என்றேன். "அங்கேருந்து திருச்சி கிட்டதான?" என்றார்.

ஒரு கேரியர் டிரைவரிடம் கேட்டே விட்டோம். அவர் ஃபியட் என்று கேட்டதும் சிரித்தார்; ஓடாது என்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார். கேரியரில் கார் தன் காலால் ஏற வேண்டும். ஓடாத வண்டியைத் தள்ளி மேல்மாடியில் நிறுத்த ஆள் கிடையாது.

பிறகு ஒரு வாரம் மூடின வண்டிப் புராணம். நாலு பக்கமும் தகரம் அடைத்த லாரிதான் நல்லது, திறந்த வண்டியில் போனால் தூசி படும், கல் தெறிக்கும், பெயின்ட் போகும் என்றார். பெயின்ட்! ஜன்னல் கம்பியை வருஷம் ஒரு முறை சுரண்டாவிட்டால் கையோடு வந்துவிடும் கடலோர ஊர் இது. உப்புக் காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டி. ஒரு கதவின் அடிப்பாகத்தில் விரலை வைத்தால் உள்ளே போய்விடும். அதன் மேல் விழுப்புரத்துத் தூசி விழுந்துவிடக்கூடாதாம். தவிர, மூடின லாரி ஒற்றைக் காருக்காகக் கிளம்பாது. வேறு சரக்கு சேரும்வரை நிறுத்திவைப்பான், இரட்டை வாடகையும் கேட்பான்.

நானாகத்தான் விசாரித்தேன். ஒரு கார் மட்டும் ஏற்றும் திறந்த ரெக்கவரி வண்டி போதும். தளம் பின்பக்கமாகச் சரிந்து தரையைத் தொட வேண்டும். சரிவு அதிகமாக இருந்தால் ஃபியட்டின் சைலன்சர் தட்டும், அதனால் நீளமான தளமாகப் பார்க்க வேண்டும். ஓடாத வண்டியை இழுக்க வின்ச் வேண்டும். அதன் கம்பிக் கயிற்றில் பிசிறு இருக்கக்கூடாது. ஃபியட்டின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, அகலம் ஐந்தடிக்கும் குறைவு. எந்த ரெக்கவரி வண்டிக்கும் அது ஒரு பாரமே இல்லை. திறந்த வண்டியில் இன்னொரு சௌகரியம், கட்டு தளர்ந்தால் டிரைவர் கண்ணாடியிலேயே தெரியும். இவ்வளவுதான் விஷயம். அரை நாள் வேலை. பதினேழு நாள் நான் யாரோடு எங்கே சுற்றிக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் கேட்டார்கள்.

அவரிடம் சொல்லாமல் வண்டியை வரச்சொன்னேன். காலை ஆறு மணி. ஃபியட்டின் முன்பக்கத்தில் கொக்கி மாட்டி, வின்ச் 'கர்ர்' என்று இழுக்க, காற்றில்லாத டயர்கள் தார் ரோட்டை விட மனமில்லாமல் நெளிந்து நெளிந்து தளத்தின் மேல் ஏறின. அப்பா ஞாபகம் வந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியரை இரண்டு விரலால் போடுவார். உதவியாள் பையன் பம்பரின் அடியில் பெல்ட்டை விட்டுச் சுற்றி, டகடகவென்று ராட்செட்டை முறுக்கிவிட்டு, "கெளம்பலாமா சார்?" என்றான்.

அப்போது வந்தார். செருப்போடு.

தலை சாய்ந்தது. உதடு பிதுங்கியது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் வாக்கியம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம். வெள்ளை வேட்டியோடு தளத்தின் மேல் ஏறி, வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், பம்பரக் கட்டாத. டயரக் கட்டு."

எண்ணூர் லேலண்டில் முப்பது வருஷம் இருந்தவர். முதலில் அங்கே லாரி கிடையாது, அசோக் மோட்டார்ஸ் என்று 1948இல் தொடங்கி ஆஸ்டின் கார்தான் பூட்டினார்கள் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. பெல்ட்டை அவிழ்த்து, ஒவ்வொரு டயரின் தலைமேலும் போட்டு, முன்னும் பின்னும் தளத்து வளையத்தில் மாட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முறுக்கினார். பாடியைக் கட்டினால் குழியில் ஸ்பிரிங் அமுங்கி எழும்போதெல்லாம் பெல்ட் தொளதொளக்கும். டயரைக் கட்டினால் பாடி தன்பாட்டுக்குக் குதித்துக்கொண்டு போகும், கட்டு அசையாது. பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். வேட்டியெல்லாம் கிரீஸ். மூச்சு வாங்கியது. பெல்ட்டைச் சுண்டிப் பார்த்தார், வீணைத் தந்தி மாதிரி. முகத்தில் அப்படி ஓர் அமைதி.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகிவிட்டது. பெண் கல்யாணத்தைக்கூட மச்சினர்கள்தான் பேசி முடித்தார்களாம். முப்பது வருஷ வேலையிலும் எத்தனை பேர் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

ஆனால் சார், எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. பதினேழு நாள். எலும்புக்கூட்டு டிரெய்லர், ஒரகடத்துக் கேரியர், மூடின லாரி எல்லாம் பேசினோமே. டயரைக் கட்ட வேண்டும் என்ற இந்த ஒரு வாக்கியத்தை ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? கேட்டால்தான் வாய் அடைத்துக்கொள்கிறது. தப்பு நடந்து முடிந்த இடத்தில்தான் அறிவு சுரக்கிறது. இந்த மாதிரி ஆட்களை மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்கிறோம், பெரியவர் என்கிறோம். எனக்கு கனெக்டிங் ராடு போயிற்று.

கிரீஸ் கையை என் வீட்டுத் திரைச்சீலையில் துடைத்துக்கொண்டே, "இந்த வண்டிக்கு இன்னா வாடகை பேசின?" என்றார். சொன்னேன். தலை மெதுவாகச் சாய ஆரம்பித்தது.

ஃபியட் அன்று ராத்திரியே பத்திரமாகத் திருச்சி போய்ச் சேர்ந்தது. லாரிக்காரன் பெல்ட் இற்றுப்போயிருக்கும், சொந்தமாக வாங்கிக்கொள் என்று அவர் சொன்னதைக் கேட்டு மண்ணடியில் நாலு ராட்செட் பெல்ட் வாங்கியிருந்தேன். இரண்டு வண்டியோடு போயிற்று. மற்ற இரண்டை, "எங்கைல குடு, பத்திரமா வெச்சிக்கினுகீறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டு மொட்டை மாடியில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறார். அண்ணி அதில் துணி காயப்போடுகிறார்.