ஒரே தானில் வெட்டிய சட்டை

தீபாவளிக்கு வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்துப் போட்ட காலம் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். எங்கள் அப்பா புதுச்சேரியில் மில் தொழிலாளி; பண்டிகை நெருங்கும்போது ஒரு முழுத் தானை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வில்லியனூரில் வந்து இறங்குவார். அண்ணனுக்கும் எனக்கும் சட்டை, தங்கைக்குக் கவுன், மிச்சத்தில் தலையணை உறை, அதிலும் மிஞ்சினால் ஜன்னலுக்குத் திரை என்று டெய்லர் கணக்காக வெட்டித் தருவார். ஜன்னலோரம் நின்றால் திரை எது, பிள்ளை எது என்று அம்மாவுக்கே குழப்பம் வரும். அதில் கூசிக் குறுகி, நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் என் வீட்டில் ஒருவர் மாதிரி இன்னொருவர் உடுத்தக் கூடாது என்று சபதம் போட்டவன்.

அண்மையில் உறவில் ஒரு கல்யாணம். எனக்கொரு குர்தா வந்தது. பிரித்துப் பார்த்தால் மகனுக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் அதே நீலம், அதே கொடிப்பூ. ஃபேமிலி காம்போ என்கிறார்கள். அதற்கென்று ஒரு டிசைனர், வீட்டுக்கே வந்து அளவெடுக்க ஓர் ஆள். விலையைக் கேட்டதும் அப்பாவின் தீபாவளி போனஸ் ஞாபகத்துக்கு வந்தது. மண்டபத்தில் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது ஜன்னல் திரையைத்தான். நல்லவேளை, அது வேறு நிறம்.

டெய்லர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மாலைகளை மட்டும் எந்த டிசைனராலும் தர முடியவில்லை. பட்டன் தைக்கும் பையன், சுவரில் எம்.ஜி.ஆர். காலண்டர், யாரோ படித்துவிட்டுப் போட்ட பழைய வாரப் பத்திரிகை, “நாளைக்கு வா தம்பி” என்ற அழியாத பொய். “வளர்ற புள்ள, கொஞ்சம் பெரிசா வைய்யி” என்று அம்மா சொல்ல, தோள்பட்டை முழங்கையில் தொங்கும் சட்டை பிறக்கும். அதற்கு இன்று ஓவர்சைஸ் என்று பெயர். வளர்ந்து முடித்தவர்களே ஆசைப்பட்டு வாங்குகிறார்கள்.

அந்தத் தான் வந்த ஊரின் கதையும் சின்னதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் சாயமேற்றிய நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போய், அங்கே காசுக்குப் பதிலாகவே கைமாறியிருக்கிறது. எங்கோ ஒருவர் அந்தக் காலத்திலேயே நம் ஊர் நீலத்தைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கியிருக்க, நான் பாம்பே டையிங் விளம்பரத்தைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன் என்றால் என்ன சொல்வது? 1898-இல் எழுந்த ரோடியர் மில்லை, பிற்பாடு ஏ.எஃப்.டி. என்று வழங்கிய அதை, 2011 கடைசியில் தானே புயல் உலுக்கியது; 2020-இல் ஒரேயடியாக மூடினார்கள். சைக்கிளில் ஷிப்டுக்குப் போன வில்லியனூர் ஆட்களின் பேரப்பிள்ளைகள், ஆலைக் காலத்துச் சாயலில் நெய்ததென்று துண்டுச்சீட்டு கட்டிய துணியை வைட் டவுன் பொட்டீக்கில் தடவிப் பார்க்கிறார்கள்.

1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியபோது எனக்கு விவரம் தெரியாத வயது. விவரம் தெரிந்தபோது பெல்பாட்டம் வந்துவிட்டது. தெருப் புழுதியை முழுக்கப் பெருக்கிக்கொண்டு போகும் அகலத்தில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நின்றிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்கார இளைஞன், சாயம்போன கைலியும் கிழிந்த பனியனுமாக, வெறுங்காலோடு நின்று நுங்கு தின்றுகொண்டிருந்தான். அவனை நான் பரிதாபமாகப் பார்த்தேன். அவனும் என்னை அப்படித்தான் பார்த்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

பாகூரில் மாமா வீடு. அறுவடை லீவில் போனால் மூலநாதர் கோவிலில்தான் கண்ணாமூச்சி. சோழர் காலத்துக் கோவில். சுவரில் நாங்கள் கண்டதெல்லாம் ஒளிய ஒரு மறைவு மட்டும்தான். இப்போது கையில் நோட்டோடு வருகிற கலைக்கல்லூரிப் பிள்ளைகள் அதே சுவரின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து வரைகிறார்கள். பார்ப்பதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டுமோ என்னவோ. எங்களுக்கு அந்தத் தூரம் இல்லை, முதுகு சுவரில் ஒட்டியிருந்தது.

அம்மாவுக்கும் இல்லை. பழைய பட்டுப்புடவைகளையும் வெண்கலப் பானையையும் வாசலுக்கு வந்த எவர்சில்வர்காரரிடம் போட்டுவிட்டு, பளபளவென்று குடமும் தூக்குவாளியும் வாங்கி அடுக்கி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். மண்பானை கொல்லைக்குப் போனது. புதுப்பானையைச் சந்தையில் சுண்டிப் பார்த்து, அந்த ‘ணங்’ கேட்டு, விலை பேசி, இடுப்பில் வைத்து வீட்டுக்கு வந்து, முதல் தண்ணீர் ஊற்றும்போது எழும் அந்த மண் வாசனை இருக்கிறதே, அதை எவர்சில்வர் தரவில்லை; நாங்களும் அப்போது கேட்கவில்லை.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது ஊரே தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டது. குயவர் தெருவைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்ட நானும்தான். களிமண்ணில் மணல் கலந்து மிதித்துப் பதமாக்கி, கால்களை உருளையாகத் தனியே எழுப்பி, வயிற்றைக் கூடாக விட்டு ஏற்றினால்தான் சூளையில் வெடிக்காமல் சுடுமண் குதிரை பிழைக்கும். அப்படிப் பிழைத்த ஒன்றை மருமகள் வரவேற்பறைக்கு வாங்கிவந்தாள். மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் ஒரு செடி. தொடக்கூடாதாம். எங்கள் காலத்தில் அய்யனார் குதிரை மேல் ஏறி உட்கார்ந்து உதை வாங்கியிருக்கிறோம்.

அதே மாதிரி ஒன்று செய்துதரக் கேட்கலாமென்று குயவர் தெருவுக்குப் போனபோது, வேலை செய்துகொண்டிருந்த பெரியவரிடம், “அய்யனாருக்கும் நீங்கதானே செய்றீங்க?” என்றேன்.

“அதுக்கு யாரும் கேக்கறதில்ல சார். இதெல்லாம் ஓட்டலுக்குப் போவுது. அய்யனாருக்கு ஊர்ல சிமெண்டுக் குதிரை கட்டிட்டாங்க. பெயிண்டு அடிச்சா மழைக்குத் தாங்குதுல்ல.”

போய்ப் பார்த்தேன். இனாமல் நீலக் கடிவாளம், ரோஸ் நிற நாக்கு, சினிமா நடிகர் மாதிரி ஒரு மீசைக்காரச் சேவகன். எனக்குச் சகிக்கவில்லை. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் தரையில் மண்டியிட்டு, அந்த நாக்கை மட்டும் கிட்டக்கப் போய்ப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

நான் இந்த முறை ஏமாறுவதாக இல்லை. அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அந்தக் குதிரையை இடித்துவிட்டு ஃபைபரில் வைக்கப்போவதாகப் பேச்சிருக்கிறது. இடிக்கிற அன்றைக்குத் தலையை மட்டுமாவது கேட்டு வாங்கி வைக்கும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எங்கே வைப்பது என்று அவன் கேட்கிறான். மருமகளைக் கேட்கச் சொன்னேன்.