இருவரில் ஒருவர்

மஞ்சள் கடுதாசி கொடுக்கப்போகும் சென்னைக் கணவர்களே, கவலை வேண்டாம். 1909-ஆம் வருடத்துத் திவால் சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். ஓட்டலில் இருவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அந்தத் தகுதி வந்துவிடும்.

பணத்தைப் பத்திரப்படுத்த மனைவியோடு ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்திருக்கிறீர்களே, என்ன மதிநுட்பம்! பாஸ்புக்கில் அவர் பெயர் எப்போதும் இரண்டாவது வரியில்தான். நீங்கள் திவாலாகிக் கணக்கை முடக்கும்போது மட்டும் வங்கி இரண்டு வரியையும் சமமாக மதிக்கும். பெண்ணுரிமை வேறெங்கே இவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது? பால், சிலிண்டர், பிள்ளையின் ஃபீஸ் எல்லாச் செலவும் ஒரே நாளில் நின்று, சிக்கனமும் கைகூடும்.

விண்ணப்பத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்று டிக் அடித்தீர்களே? கடைசியில் உயிரோடிருப்பது வீட்டம்மாவின் கடுகு டப்பா. அதற்கு ஜாயின்ட் ஹோல்டர் கிடையாது.