பால் பாட்டிலும் ஈரக் கச்ராவும்

மும்பை செம்பூரில் நாங்கள் குடியிருந்த ‘சால்’ என்ற வரிசைக் குடியிருப்பில் வீட்டுக் குப்பைக்கு ஒரு பழைய டால்டா டின் போதும். அதுவும் சாயங்காலத்துக்குள் நிறையாது. பால் ஆரே பூத்திலிருந்து வரும். கண்ணாடி பாட்டில், அலுமினியத் தாள் மூடி. காலி பாட்டிலைக் கழுவி எடுத்துப்போனால்தான் நிறை பாட்டில் கைக்கு வரும். ஊருக்குள் இருந்த எருமைக் கொட்டில்களை வெளியேற்றி, 1949இல் கோரேகாவில் தொடங்கியதுதான் ஆரே பால் காலனி. அவ்வளவு பெரிய நகரத்துக்குப் பால் ஊற்றிய ஏற்பாடு பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அந்த மூடிகளையும் அம்மா விட மாட்டாள். கழுவிக் காயவைத்துச் சேர்த்து, பழைய சாமான் வாங்கும் ரத்திவாலாவிடம் எடைக்குப் போடுவாள்.

அம்மாவின் நூல் புடவை கிழிந்தால் தம்பிக்குத் தூளி. தூளி நைந்தால் அடுப்படிக் கரித்துணி. அதற்கும் ஆகாதென்றால் மிதியடி. பட்டணத்து நைலான் புடவைகள் மட்டும், பழந்துணிக்குப் பாத்திரம் தரும் பாண்டிவாலிக்குப் போகும். பதிலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்குவதற்குள் அரை மணி நேரம் பேரம் நடக்கும். குழாயில் தண்ணீர் விடியற்காலை ஒரு நேரம்தான். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் வாசலில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு. பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நாரும் சாம்பலும்.

இதையெல்லாம் பொற்காலம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கையில் காசில்லாத வீடு அது. அத்தனை சிக்கனமும் ஒரு பெண்ணின் இடுப்பிலும் முதுகிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்பா ஒரு பாட்டிலைக் கழுவி நான் பார்த்ததில்லை.

முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் 1999இல் திறந்தது. அதற்கப்புறம்தான் நாங்கள் ஐரோலிக்குக் குடிவந்தோம். நகரமைப்பு நிறுவனமான சிட்கோ போட்ட நேரான தெருக்கள், எப்போது திறந்தாலும் தண்ணீர் வரும் குழாய். நவி மும்பை மாநகராட்சிக்கு மோர்பேயில் சொந்த அணையே இருக்கிறது. தண்ணீர் தாராளமானதும் காய் கழுவிய தண்ணீரைப் பிடிக்கும் பேசின் முதலில் போயிற்று. கடையில் கேட்காமலே பை கொடுத்ததும் துணிப்பை போயிற்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி மும்பை மூழ்கியபோது, சாக்கடைகளை அடைத்த பிளாஸ்டிக்கைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. 2018 ஜூனிலிருந்து பிளாஸ்டிக் பை கொடுத்தால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்றானது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கொஞ்ச காலம் எல்லார் தோளிலும் துணிப்பை தொங்கியது. இப்போது கீரைக்காரரிடம் மெல்லிய பை மறுபடியும் எட்டிப்பார்க்கிறது. வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் அவர் நிறுத்துவார்.

ஐரோலியில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விஷயம் அல்ல. தெரு முடிகிற இடத்தில் தானே கழிமுகம். அதை 2015இல் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெண்கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கும். சேற்றில் புதைந்த வேர்கள் காற்றை வாங்குவது அவற்றின் வழியாகத்தான். ஓதம் இறங்கும் நேரம் போய்ப் பாருங்கள்: எத்தனையோ வேர்களில் பால் பாக்கெட்டும் பையும் சுற்றிக் கிடக்கும். நம் வீட்டுப் பாக்கெட்டின் மூலையை முழுக்க வெட்டாமல், துண்டு தொங்கும்படி கீறினாலே ஒரு பொடித் துண்டு பிளாஸ்டிக் குறையும். பாக்கெட்டைக் கழுவி, காயவைத்துத் தனியாகக் கொடுப்பது இன்னும் முக்கியம். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறம் பார்த்து, ரகம் பார்த்துக் கையால்தான் பிரிக்கிறார்கள். புளித்த பால் வாடையில் நாளெல்லாம் உட்காருவது நம்மைப்போல ஒரு மனுஷிதான்.

ஈரக் கச்ராவை, அதாவது சமையலறைக் குப்பையை, எங்கள் சொசைட்டியிலேயே மக்க வைக்கிறோம். துளை போட்ட டிரம்மில் ஒரு பங்கு காய்கறித் தோல், அதற்குமேல் குறையாமல் ஒரு பங்கு காய்ந்த இலை. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர். நாறினால் காற்று போகவில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். கிளறிவிட்டு உலர்ந்த சருகைச் சேர்த்தால் அடங்கிவிடும். மழைக்காலத்தில் சருகு கிடைக்காது என்பதால் ஏப்ரலிலேயே மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். அப்படியும் போதாதபோது தென்னை நார்த்தூள் கட்டி வாங்குகிறோம். அம்மா சும்மா உரித்தெடுத்த நாருக்கு இன்று விலை கொடுப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால் வீட்டுத் தேங்காயின் நாரைப் பிய்த்துச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம்.

தண்ணீர் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி இன்னொரு கவலை. ஒரு லிட்டர் குடிநீருக்குப் பெரும்பாலும் மூன்று லிட்டர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறது. அணைத் தண்ணீரில் உப்பு குறைவு. உப்பு குறைந்த இடங்களில் இந்தக் கருவி வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் அதைக் கழற்றியாயிற்று. காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்கிறோம். மாட்டியே தீருவேன் என்பவர்கள் அந்தக் கழிவுநீரைப் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்கலாம்.

போன மாதம் சொசைட்டிக் கூட்டத்தில் கீழ்வீட்டுப் பையன் கேட்டான்: "இதெல்லாம் நம்ம பாட்டிங்க செஞ்சதுதானே ஆன்ட்டி, வீட்ல லேடீஸ்கிட்ட சொன்னா போதாதா?" போதாது தம்பி என்றேன். அம்மாவின் பழக்கங்கள் திரும்ப வரட்டும், அம்மாவின் முதுகுவலி வர வேண்டாம். டிரம் கிளறும் முறைப்பட்டியலை அன்றே எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். வீட்டுக்கு ஒரு ஆண் பெயர், வாரத்துக்கு ஒரு வீடு. ஜூன் முதல் வாரம் அவனுடையது.